எங்கே என்று கேளுங்கள், மாமா

மயூர் விஹார், தில்லி
செவ்வாய் இரவு

அன்பும் மரியாதையும் உள்ள ராஜசேகரன் மாமாவுக்கு,

அபிராமி வணங்கி எழுதுகிறேன். நீங்களும் அத்தையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மா நலம். அப்பாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும். நான் எழுதுவது அவர்கள் இருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

நாங்கள் இருப்பது மொட்டை மாடியில் ஓர் ஒற்றை அறை. வெயில் காலத்தில் அம்மா உள்ளே கூலருக்குப் பக்கத்தில் படுப்பாள், அப்பா வெளியே கயிற்றுக் கட்டிலில். நான் சில நாட்களாக மாடிப்படிக் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறேன். இங்கேதான் காற்று வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். ஒரு காற்றும் வரவில்லை. என்னைத் தாண்டாமல் யாரும் கீழே இறங்க முடியாது, அதற்காகத்தான். படிக்கட்டு விளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

கீழ் வீட்டு ஷ்ருதி என்னோடு படிக்கிறவள். விடிந்ததும் அவள் போனில் இதைப் படம் எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். நேராகப் பேசிவிடலாமே என்று கேட்டாள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, மாமா. கதிர் அத்தானுக்கும் அதே குரல்தான். அவர் போன பிறகு உங்கள் வீட்டுக்கு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. எங்கள் அப்பா ஓட்டிய மீன்பிடி லாஞ்சிலிருந்துதானே உங்கள் மகன் கடலில் விழுந்தார்.

இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாள். சாணக்யபுரியில் ஒரு கிளப்பில் அப்பாவுக்கு நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மஞ்சள் பனியன், கழுத்தில் விசில். தண்ணீரில் மருந்து கலப்பது, இலை விழுந்தால் அள்ளுவது, பிள்ளைகள் குளிக்கும்போது கரையில் நின்று பார்ப்பது. முதலில் வந்தபோது அம்மாவிடம், "அடி தெரியுற தண்ணி புள்ள, நிம்மதியா இருக்கு" என்று சொன்னார். ஆனால் மாடிக்கு வந்தால் வானத்தைத்தான் பார்ப்பார். அனல் காற்று அடிக்கும்போது ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும், அப்பா மட்டும் கைப்பிடிச் சுவர் ஓரம் போய் நிற்பார். "கச்சான் காத்து எடுத்துடுச்சு, இன்னிக்கு எவனும் வல போடமாட்டான்" என்பார். அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

போன மாதம் ஒரு நாள் அபிஷேக் என்று ஒரு பையன் தண்ணீருக்குள் மூச்சுப் பிடித்து விளையாடியிருக்கிறான். வெளியே வர நேரமானதும் அப்பா உடுப்போடு குதித்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பையன் அழுதுவிட்டான். அவன் அம்மா, "பையா, யே ஸமுந்தர் நஹீ ஹை", அண்ணா, இது கடல் இல்லை என்று சொல்ல, சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். மேலதிகாரி மாதவ் சார் கூப்பிட்டுத் திட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதை எங்களுக்கு வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லும்போதே குடிக்காமல் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

நீங்கள் போன வாரம் அப்பாவுக்குப் போன் செய்தீர்கள். அப்பா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று இருக்கவில்லை. நீங்கள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மீன்புடி தட முடியுது மச்சான். நீங்க வந்து சுக்கான் புடிங்க. வேற எவனையும் நம்பி லாஞ்ச எறக்க மாட்டேன். நீங்க வந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

அப்பா காயப்போட எடுத்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நீங்கள் "மச்சான், மச்சான், லைன்ல இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் "வர்றேன் மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

நீங்கள் நல்ல மனதோடுதான் கூப்பிட்டீர்கள், எனக்குத் தெரியும். அத்தான் போன அன்றைக்கு அப்பா உங்கள் வாசலில் வந்து நின்றபோது நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நானும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அதிலிருந்து உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்றுதான் அவர் உயிரோடு இருந்தார். அந்த வார்த்தை லாஞ்சோடு சேர்ந்து வந்துவிட்டது.

அப்புறம் அப்பா வேறு ஆளாகிவிட்டார், மாமா. தில்லிக்கு வந்ததிலிருந்து மீன் கடைப் பக்கமே போகாதவர், ஞாயிற்றுக்கிழமை காசிப்பூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பெரிய வஞ்சிரம் வாங்கி வந்தார். "ஐஸ்ல செத்துக் கெடந்தது, இதெல்லாம் ஒரு மீனா" என்று வைதுகொண்டே, அம்மாவை அரிவாள்மனையைத் தொட விடாமல் தானே வெட்டினார். வெட்டும்போது விசில் அடித்தார். கிளப் விசில் இல்லை, வாயால். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். மாதவ் சார் அவரை நிரந்தரம் ஆக்கப் போகிறார், அந்தச் சந்தோஷம் என்று அம்மா நினைக்கிறாள். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்துவிட்டாள். அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வேலை செய்யும் வீட்டுக்குப் போன பிறகு, அப்பா சட்டை மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டார். நம் வீடுகளில் கடலுக்குக் கிளம்புகிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது இல்லையா. அம்மா அந்தப் பழக்கத்தை இங்கேயும் விடவில்லை. அப்பா பால் வாங்கப் போனால்கூட நாங்கள் கேட்கமாட்டோம். வீட்டுக்கார ஆன்ட்டி மட்டும் தினமும் படியில் நின்று "கஹான் ஜா ரஹே ஹோ, பையா?", எங்கே போகிறாய் என்று கேட்பார். வந்த புதிதில் அப்பா பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு சிரித்துவிட்டுப் போகப் பழகிவிட்டார். "குளத்துக்குப் போறவனுக்கு என்னடி சகுனம்" என்று சொல்வார்.

அது என் நினைவுக்கு வந்தது. வேண்டும் என்றேதான் கேட்டேன், மாமா. "எங்கப்பா போறீங்க?" என்று கேட்டேன். சும்மா போகிறவராக இருந்தால் கோல் மார்க்கெட்டுக்கு, நண்பரைப் பார்க்க என்று எதையாவது சொல்லிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்பா நின்றார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்து, "தண்ணி கொண்டா" என்றார். சொம்பு முழுவதும் குடித்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு மறுபடி கிளம்பினார். படியில் கால் வைக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏன் கேட்டேன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. "அம்மாகிட்ட…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நான் தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று ரயில் டிக்கெட் எடுக்கத்தான் போயிருக்கிறார். பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்த மீனவர் அடையாள அட்டை இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. என்றைக்கு ரயில் என்று தெரியாது. நான் தூங்கி, கேட்க முடியாத நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிடுவார். அதனால்தான் நான் தூங்குவதில்லை.

அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் தங்கைதானே. அத்தானுடைய காரியம் முடிந்த அன்று அம்மா அப்பாவின் கையை எடுத்து என் தலையில் வைத்து, இனிமேல் கடலில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கினாள். "மீறிப் போனீங்கன்னா எங்க ரெண்டு பேரையும் சேத்துத் தல முழுவிடுங்க" என்றாள். அப்பா கை என் தலையில் கனமாக, ஜில்லென்று இருந்தது. மீன் வாசனை அப்போதும் போகவில்லை.

சத்தியம் மீறினால் எனக்கு ஏதாவது ஆகுமா, மாமா? அதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஷ்ருதி சொல்கிறாள். பகலில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அப்பாவுக்கு அதில் நம்பிக்கை உண்டு. எங்கே என்று கேட்டால் திரும்பி வந்து உட்காருகிறவர், என் தலையில் கை வைத்ததை மறந்திருக்க மாட்டார். தெரிந்தும்தான் கிளம்புகிறார். இதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

அப்பாவைப் போகவிடு, இங்கே அவர் மெல்ல மெல்ல செத்துக்கொண்டிருக்கிறார் என்றும் எனக்கே சில நேரம் தோன்றும். அபிஷேக்கைத் தூக்கி வந்த கதையைச் சொன்னபோது அப்படித் தோன்றியது. இரண்டு பக்கமும் எனக்குப் பயமாக இருக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

நான் பெரியவளானபோது நீங்கள் சீர் கொண்டு வந்தீர்கள். கதிர் அத்தான் பழத்தட்டைத் தூக்க மாட்டாமல் தூக்கி வந்தார். "தாய்மாமன் கேக்குறேன், என்னடி வேணும், கூச்சப்படாம சொல்லு" என்றீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வாயில கொழுக்கட்டையா?" என்று அத்தான் கேலி செய்தார். அப்போது கேட்காததை இப்போது கேட்கிறேன்.

அப்பாவுக்கு நீங்கள் மறுபடி ஒருமுறை போன் செய்யுங்கள். லாஞ்சுக்கு வேறு ஆள் பார்த்துவிட்டேன், வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். வைத்தால் நீங்கள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதாக நினைத்துவிடுவார். உங்களுக்கு அவர் மேல் கோபம் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அவர் வராமலேயே உங்களுக்கு மனசு ஆறட்டும். இது நியாயமில்லாத ஆசை என்று தெரியும். உங்கள் மகனை இழந்த நீங்கள், என் அப்பாவுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று கேட்கிறேன். அத்தை இதைப் படித்தால் என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.

அப்பா கட்டிலில் இருமுகிறார். எழுந்து தண்ணீர் குடிக்கிறார். நான் விளக்குப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் இந்தப் பக்கம் வரவில்லை. மறுபடி படுத்துவிட்டார்.

என்றாவது நான் தூங்கிப்போய்விடுவேன், மாமா. எத்தனை இரவு விழித்திருக்க முடியும் என்று தெரியவில்லை. அப்படி அவர் என்னைத் தாண்டிப் போய் அங்கே வந்து சேர்ந்துவிட்டால், அவரைத் திட்டாதீர்கள். சோறு போடுங்கள். அவர் லாஞ்சில் கால் வைக்கும் நேரத்தில் கரையில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் மட்டும் பின்னாலிருந்து, கொஞ்சம் சத்தமாக, "எங்க போறீங்க மச்சான்?" என்று கேளுங்கள். அவர் கட்டாயம் திரும்பி வருவார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். மறுபடி எழுந்தால் மறுபடியும் கேளுங்கள்.

உங்கள் தங்கை மகள்,
அபிராமி