பாலம் என்ற பெயர் இல்லை

நாள் 212 — 09:10
பாலம் நிலையம், செவ்வாய்ச் சுற்றுப்பாதை. ஆள் ஒன்று: டெல்சி, வயது 23, பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவள். செவ்வாய்க்கும் ‘வலசை’ கப்பலுக்கும் நடுவே மெயில் கடத்துவது வேலை. கப்பலில் அறுபது பேர். இன்றிலிருந்து ஆறு நாளுக்குள், மூன்று அணிகளாக உறக்கப் பெட்டிக்குள் போகிறார்கள். விழிக்க 41 வருடம்.

பழைய மெயில் சர்வரைக் கழற்றிவிட்டுப் புதியதை வைக்கிறேன். பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டி.என்.எஸ். சர்வரில் ‘பாலம்’ என்ற சப்டொமைனையே, அதாவது நிலையத்தின் பெயரையே, அழித்துவிட்டேன். மெயில் எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். ரெக்கார்டும் அதோடு போனது. வேலை முடிந்ததும் திரும்ப எழுதலாம். இரண்டு மணி நேரம்தான். அதற்குள் எவன் எழுதப்போகிறான்?

11:25
ரெக்கார்டைத் திரும்ப எழுதியாயிற்று. செவ்வாய்க்குச் சோதனை மெயில்: போனது. கப்பலுக்கு: 12:50க்குத் திரும்பியது. “அனுப்புநர் டொமைன் இல்லை.”

14:40
ரெக்கார்டை மூன்று முறை பார்த்தேன். பெயர் சரி. முகவரி சரி. சர்வரை நிறுத்தி எழுப்பினேன். செவ்வாய்க் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஜெபராணி அக்காவிடம், ‘பாலம்’ என்ற பெயரை அங்கிருந்து கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.

“ஏட்டி, எங்களுக்கு சரியாத்தான் பதில் வருது. கப்பல்காரனுக்குத்தான் காது கேக்கல போல.”

16:05
பிடித்துவிட்டேன்.

ஒரு பெயர் ‘இல்லை’ என்று பதில் வந்தால், கேட்ட சர்வர் அந்த ‘இல்லை’யை ஞாபகம் வைத்துக்கொள்ளும். கெடு முடியும்வரை மறுபடி கேட்காது. கெடு எவ்வளவு என்பதைப் பெயருக்குச் சொந்தக்காரர்தான் வைக்க வேண்டும். அதாவது நான். கப்பல் சும்மா சும்மா கேட்டு லைனை அடைக்கிறது என்று போன வருடம் 8,64,000 வினாடி வைத்தேன். பத்து நாள்.

இன்று 10:02க்குக் கப்பலிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்திருக்கிறது. யாரோ இங்கே மெயில் போடப் பார்த்திருக்கிறார்கள். இந்த நிலையத்தில் இருப்பது நான் மட்டும். எனக்கு எழுத அந்தக் கப்பலில் ஒருவன்தான்.

நாள் 213 — 08:30
இதையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. சகாயராஜ். மூன்று வருடம் ஒன்றாக இருந்தோம். எனக்குச் சொல்லாமலே கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டான். ஏறும் அன்று சொன்னேன்: எனக்கு எழுதாதே, எழுதினால் மெயில் பெட்டியையே அழித்துவிடுவேன்.

பதினான்கு மாதம் அவன் எழுதவில்லை. நேற்று எழுதினான். நான் அழித்து வைத்திருந்த இரண்டு மணி நேரத்தில்.

அவன் கடைசி அணி. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

10:15
கப்பலின் தகவல் அதிகாரி முத்துக்கருப்பன் அண்ணாச்சியிடம், மெயிலோடு சேராத கட்டளை லைனில் கேட்டேன்: டி.என்.எஸ். நினைவைத் துடைத்துவிடுங்கள். ஒரு வரி கமாண்ட். அவ்வளவு தூரம் சிக்னல் போய்ப் பதில் வர எண்பது நிமிடம்.

11:35
“பிள்ள, உறக்கம் தொடங்குனதுக்கப்புறம் ஒரு சர்வரையும் தொடக்கூடாதுன்னு பூட்டிட்டாங்க. கேப்டன்கிட்ட கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாரு.”

11:50
ஜெபராணி அக்கா தன் செவ்வாய் முகவரியிலிருந்து என் மெயிலைச் சகாயராஜுக்கு அனுப்பினாள்.

“நான் படிக்கலட்டீ. சத்தியமா. மொத வரி மட்டும் கண்ணுல பட்டுச்சு. அழுகாத.”

மொத வரி: “நான் அழிக்கலடா.”

நாள் 214 — 09:00
மெயில் போய்ச் சேர்ந்தது. திறக்கப்படவில்லை.

12:20
அண்ணாச்சியிடமிருந்து:

“டெல்சி, மன்னிச்சிரு. நேத்தே சொல்லிருக்கணும், அவன் தூங்கப் போனது எனக்கே இப்பதான் தெரியும். முந்தாநாள் அவனுக்கு மெயில் திரும்பி வந்துச்சு. ‘இந்தப் பெயர் இல்லை’ன்னு. ரெண்டு வாட்டி படிச்சான். ‘சொன்ன மாதிரியே பேரையே எடுத்துட்டா அண்ணாச்சி, வீம்புக்காரி’ன்னு சிரிச்சான். மொத அணியில ஒருத்தருக்கு மக பொறந்தநாள் வீடியோ வரணும், காத்திருக்கணும்னாரு. இவன் அவருக்கு இடத்தை மாத்திக் குடுத்துட்டான். நேத்து காலைலயே தூங்கியாச்சு. எழுப்ப முடியாதும்மா. பாதில எழுப்புனா பொழைக்க மாட்டான்.”

இதற்கு மேல் டெக்னிக்கலாக எழுத ஒன்றும் இல்லை.

நாள் 216
சாப்பிடவில்லை. சர்வர் எல்லாம் நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

நாள் 222 — 12:45
10:02க்குக் கெடு முடிந்தது. என் சொந்த முகவரியிலிருந்து அவனுக்கு ஒரு மெயில் போட்டேன். கப்பல் மறுபடி கேட்டது. பாலம் இருக்கிறதா? இருக்கிறது, இதோ முகவரி என்று என் சர்வர் சொன்னது. கப்பல் மெயிலை வாங்கிக்கொண்டது. தானியங்கிப் பதில்:

“பெற்றோம். சகாயராஜ் இதை 41 ஆண்டுகளுக்குப் பின் திறப்பார்.”

கப்பலில் இப்போது யாருமே விழித்திருக்கவில்லை. அந்த மெஷினுக்கு ‘நன்றி’ என்று அனுப்பினேன். அதையும் பெற்றுக்கொண்டது.

நாள் 239 — 15:10
நிலையத்தை மூடுகிறார்கள். நாளை என்னை ஏற்றிப்போக விண்ணோடம் வருகிறது. பெயரையும் அழித்துவிட்டு ஏற வேண்டுமாம். ஒரு ரெக்கார்டை மட்டும் விடச் சொல்லித் தலைமையகத்துக்கு எழுதினேன். பதில்: “மூடிய நிலையத்துக்குப் பெயர் கிடையாது.”

நாள் 240 — 13:30
இதைக் கண்டெடுப்பவருக்கு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ‘பாலம்’ என்ற பெயரோடு ஒரு சர்வர் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் சூரியப் பலகையிலிருந்து கரண்ட். எந்தப் பட்டியலிலும் அது இல்லை. பிடுங்காதீர்கள். விழித்ததும் அவன் படிப்பான், பதில் போடுவான். கப்பல் முகவரியை நேராக இந்தப் பெட்டியிடம்தான் கேட்கும். மெயில் வந்தால் எனக்குக் கொடுங்கள். எனக்கு 64 வயது இருக்கும். இல்லாவிட்டால் நீங்களே பதில் போடுங்கள். பெயர் இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

13:52
ஓடம் வந்து இணைந்துவிட்டது. ஜெபராணி அக்கா லைனில்:

“ஏட்டி, அழிச்சிட்டியா? ஃபார்ம்ல டிக் போடணும்.”

“அழிச்சிட்டேன்க்கா.”