கோட்டுப் பையில் எடைக்கல்

பிப்ரவரி 4

அன்புள்ள கரண்டிக்காரருக்கு,

நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இனிமேல் 'நாங்கள் நலம்' என்றுதான் எழுத வேண்டும், அதுவும் மூன்று பேர் சார்பாக. ஆமாம், இரட்டை. ஸ்கேன் எடுத்த பெண் திரையை என் பக்கம் திருப்பி, "இது ஒண்ணு, இதோ இன்னொண்ணு" என்றாள். "இன்னொரு தடவை எண்ணுங்க" என்றேன். "ரெண்டுக்கு மேல எண்ண என்னம்மா இருக்கு?" என்று சிரித்துவிட்டாள்.

இன்றோடு பதினைந்து வாரம். டாக்டரம்மா எடை பார்த்தார். நாற்பத்தைந்தரை. "முன்னாடியே நீ ஒல்லி. வாந்தியில அரைக் கிலோ வேற இறங்கியிருக்கு. ஒரு குழந்தைக்கு ஏறுற எடை ரெண்டுக்குப் பத்தாது. ரெட்டைங்க பெரும்பாலும் முழு மாசம் காத்திருக்காது, முன்னாடியே கிளம்பி வந்துடும். அதனால கடைசியில பாத்துக்கலாம்னு விடாதே, இப்பவே ஏத்து" என்றார். இருபது கிலோவாவது ஏற வேண்டுமாம். எங்கள் லாரி எடைமேடையில் இருபது கிலோ என்றால் தார்ப்பாயில் தேங்கிய மழைத் தண்ணீர். என் உடம்பில் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

போன தடவை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனதை நினைக்கக் கூடாது என்றிருக்கிறேன். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். "பேசினா சண்டையில முடியுது, எழுதிக்கலாம்" என்று நீங்கள் கப்பலேறும்போது பேசிவைத்ததை மீற வேண்டாமென்றுதான் எழுதுகிறேன். ஜூன் பத்தாம் தேதி உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வருவார்கள். நீங்கள் வந்து சேர்ந்திருப்பீர்கள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெம்பு.

உங்கள் தராசு

&nbsp;

பிப்ரவரி 26

என் அன்புத் தராசுக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். வெங்காயம் தீய்ந்துபோனது. இரண்டா! தலைமைச் சமையற்காரரிடம் சொன்னேன், அவர் கேப்டனிடம் சொன்னார், சாயங்காலத்துக்குள் கப்பல் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இருபத்திரண்டு பேருக்கு மூன்று வேளையும் பொங்கிப் போடுகிறவனின் பெண்டாட்டி நாற்பத்தைந்தரைக் கிலோ என்று வெளியே தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும். நான் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு இடமில்லை. அதனால் சொல்வதைக் கேள். தட்டை ஒரேயடியாக நிரப்பாதே, பார்த்ததுமே வயிறு மூடிக்கொள்ளும். ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு. காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே இரண்டு துண்டு காய்ந்த ரொட்டி, குமட்டல் அடங்கும். பிறகு முட்டை. பால் குடிக்கப் பிடிக்காவிட்டால் அதில் எதையாவது வேகவைத்துச் சாப்பிடு. வேலைக்குப் போகும்போது பையில் கடலை இருக்கட்டும்.

வாரா வாரம் எடை எழுது. குளிர் அறைக் கதவில் சாக்கட்டியால் எழுதிவைக்கப் போகிறேன். முதல் வரி: 45½.

உன் கரண்டிக்காரன்

&nbsp;

மார்ச் 30

அன்புள்ள கரண்டிக்காரருக்கு,

உங்கள் கதவுக்குத் தீனி: 47, 48, 49, 50, 51. போதுமா? இன்ஜின்காரர்களிடம் கொஞ்சம் கர்வமாகவே சொல்லுங்கள்.

வாந்தி நின்றுவிட்டது. வயிறு முன்னால் வந்துவிட்டது, மேஜையில் ரசீது எழுதக் கை எட்டவில்லை. எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். காலி லாரியை ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை எடை போட வேண்டும். சரக்கின் எடையைக் கூட்டிக் காட்ட ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு தந்திரம். ஒருவன் தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருவான். இன்னொருவன் சீட்டுக்கடியில் ஆளை ஒளித்துவைப்பான். நேற்று ஒருவனைப் பிடித்தேன். "அக்கா, உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்றான். பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

பக்கத்து மேடையில் ரசீது எழுதும் சீட்டக்கா தினமும், "டப்பாவை எடுத்துட்டு வா, சேந்து சாப்பிடலாம்" என்று கூப்பிடுகிறார். நான் போவதில்லை. அவர் என் டப்பாவையே பார்ப்பார். வீட்டிலும் தனியாகத்தான். தட்டு வைக்கிறேன், எதிரில் நாற்காலி காலி, இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. அதாவது, முன்பு இறங்கவில்லை. இப்போது நன்றாக இறங்குகிறது, கவலை வேண்டாம்.

ஜூன் பத்துக்கு இன்னும் எழுபத்திரண்டு நாள்.

உங்கள் தராசு

&nbsp;

ஏப்ரல் 17

என் அன்புத் தராசுக்கு,

ஐம்பத்தொன்று! கதவைப் பார்த்துவிட்டு இன்ஜின்காரர், "உன் சமையலைச் சாப்பிட்டு நாங்கதான் இளைக்கிறோம், தபால்ல சாப்பிடுறவங்க ஏறுறாங்க" என்கிறார்.

இப்போது ஒரு விஷயம். கோபப்படாமல் படி. தலைமைச் சமையற்காரர் உடம்பு சரியில்லாமல் இறங்கிவிட்டார். அவருடைய இடம் எனக்கு. ஆனால் செப்டம்பர் முடியும்வரை கப்பலில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் எடையைப் பார்த்துத்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது. நான் இல்லாமலேயே நீ இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய். நான் அங்கே வந்து என்ன கிழிக்கப் போகிறேன், சொல்? வரும்போது இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற வயதாகியிருக்கும்.

சாப்பிடு. எழுது.

உன் கரண்டிக்காரன்

&nbsp;

மே 5

அன்புள்ள கரண்டிக்காரருக்கு,

ஆஸ்பத்திரி வார்டிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதீர்கள், மூன்று பேரும் இருக்கிறோம்.

நான் எழுதிய எடையெல்லாம் பொய். கதவைத் துடைத்துவிடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது வேலைக்குப் போடும் அந்த நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். எடைமேடை ஆபீஸில் சின்னத் தராசுக்கு வைத்திருக்கும் இரண்டு கிலோ எடைக்கற்களைப் பைக்கொன்றாக இரண்டு பையிலும் போட்டுக்கொண்டேன். புறப்படும் முன் ஒரு பாட்டில் தண்ணீர். பத்து வருஷமாக லாரிக்காரர்களிடம் பிடித்த திருட்டையெல்லாம் நானே செய்தேன். டாக்டரம்மா ஐம்பத்தொன்று என்று எழுதிக்கொண்டு, "பரவாயில்லையே" என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, கேளுங்கள் இந்தக் கூத்தை.

போன வாரம் ஸ்கேனில் இரண்டாவது பிள்ளை வளர்ச்சி போதாமல் இருக்கிறது என்றார்கள். அம்மா எடை ஏறியிருக்கிறது, பிள்ளை ஏன் ஏறவில்லை என்று டாக்டரம்மா குழம்பிப்போய் வேறு வேறு சோதனைகள் எழுதினார். நர்ஸ் என் கோட்டை வாங்கி மாட்டப் போனார். கை சட்டென்று கீழே இறங்கியது. பைக்குள் விட்டு எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. "யாருக்காகம்மா இதைத் தூக்கிட்டு வந்தே?" என்று கேட்டார். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உண்மையில் நாற்பத்தேழேகால்.

யாருக்காக என்று உங்களுக்குச் சொல்கிறேன். போன தடவை நீங்கள் ஒப்பந்தத்தை உடைத்துக்கொண்டு ஓடிவந்தீர்கள். அதன் பிறகு எட்டு மாதம் கப்பல் கிடைக்கவில்லை. அதைக்கூட விடுங்கள். ஆஸ்பத்திரி நடையில் உங்கள் அண்ணனிடம், "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா தங்கியிருக்கும்" என்றீர்கள். கதவு திறந்துதான் இருந்தது. அன்றையிலிருந்து தட்டில் கை வைத்தால் அந்த வாக்கியம்தான் தொண்டையில் நிற்கிறது. சாப்பிடவும் முடியவில்லை, சாப்பிடவில்லை என்று எழுதவும் முடியவில்லை.

இப்போது என் பொய்யை நம்பி நீங்கள் செப்டம்பர்வரை கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். கேப்டனிடம் கேளுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், என் பொய்யையும் சேர்த்துச் சொல்லுங்கள், எனக்கு வெட்கமில்லை. வாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எதிரில் உட்கார்ந்தால் சாப்பிட்டுவிடுவேன்.

உங்கள் தராசு

&nbsp;

மே 24

தராசுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

உன் பொய்யை நம்பி நான் கையெழுத்துப் போடவில்லை. பிப்ரவரியில், உன் முதல் கடிதம் வந்த அன்றே போட்டுவிட்டேன். இரட்டை என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, அந்த ஆஸ்பத்திரி நடைதான். மறுபடியும் அங்கே போய் நிற்க வேண்டுமே என்றிருந்தது. அன்றே கேப்டனிடம் போய், யாராவது இறங்கினால் நான் இருக்கிறேன் என்று சொல்லித் தாளிலும் எழுதிக்கொடுத்தேன். பிறகு உன் எடை ஏற ஏற, அதையே காரணம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எடையைச் சாக்கட்டியால் எழுதும்போதெல்லாம் எனக்கே நான் சொல்லிக்கொண்ட சாக்கு அது.

அன்று நடையில் நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உன் தப்பு எதுவுமில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

நான் கேட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார் கேப்டன், நல்ல மனுஷன். அவர் அறை வாசல்வரை இரண்டு தடவை போனேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பிடு.

கரண்டிக்காரன்

&nbsp;

ஜூன் 10

அன்புள்ள கரண்டிக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை படிக்கவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். மூன்று நாள் நன்றாக வந்தது, உங்களுக்கு அங்கே புரையேறியிருக்கும். பிறகு உடம்பு லேசாகிவிட்டது. என் பொய்யால்தான் நீங்கள் வரவில்லை என்று சுமந்துகொண்டிருந்தேன், அது என்னுடையதில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்கு நன்றி, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முப்பத்து மூன்று வாரம். காலையில் வார்டு உடுப்போடு எடை பார்க்கிறார்கள். பை இல்லாத உடுப்பு, நர்ஸ் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். ஐம்பத்து மூன்றரை. சின்னதும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. போதாதுதான். சீக்கிரமே எடுக்க வேண்டி வரலாம், கண்ணாடிப் பெட்டியில் சில நாள் இருக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்கிறார்.

சீட்டக்கா தினமும் வேலை முடிந்து நேராக இங்கே வருகிறார். வேளைக்கு வேளை வார்டில் கொடுப்பது போதாதென்று தன் டப்பாவையும் திறந்து என் கட்டிலில் வைக்கிறார். "நான் சாப்பிடறதப் பாக்காதே, உன்னுதப் பாரு" என்பார். பிறகு அன்றைக்குப் பிடிபட்ட டிரைவர்களின் கதை. சிரித்துக்கொண்டே இரண்டு தட்டு காலி செய்துவிடுகிறேன். அந்த வாக்கியம் இன்னும் தொண்டையில் வருகிறது. அதன் மேலேயே சாப்பிடுகிறேன்.

செப்டம்பரில் வாருங்கள். பிள்ளைகள் உங்களுடையவர்கள்தான், பூட்டி வைக்க மாட்டேன். எடை கேட்டு எழுதினால் பதில் எழுதுவேன், சரியான எடையை. ஆனால் நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நேற்று ஒரு தாள் கொண்டுவந்தார்கள். அறுவை செய்ய வேண்டி வந்தால் கூப்பிட ஒருவர் பெயர் வேண்டுமாம். சீட்டக்காவின் பெயரைச் சொன்னேன். நர்ஸ் எழுதிக்கொண்டு, "உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என்னம்மா போட?" என்று கேட்டார்.

"கூட இருக்கிறவங்கன்னு போடுங்க" என்றேன்.

தராசு