அம்மாவின் முதுகில் ஊதாக் கட்டம்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

இன்று நடந்ததை எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். புற்றுநோய் அம்மாவின் முதுகெலும்புக்கும் வந்துவிட்டதால் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள்; கரண்டு வைப்பது என்போம். கதிர் படவேண்டிய இடம் தெரிய முதுகில் ஊதா மையால் கட்டம் வரைந்திருக்கிறார்கள்.

காலையில் அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். “வெள்ளிக்கிழமைங்க அண்ணி, தேச்சு ஊத்தி உடறேன்.”

“கோடு அழிஞ்சா கரண்டு வெக்க முடியாதுங்க அத்தை!” என்று குறுக்கே நின்றேன்.

“அடேங்கப்பா, டாக்டரம்மா! கரண்டு வெச்சா நோய் போயிருமா சாமி?”

வலிதான் குறையும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அத்தையிடமிருந்து கிண்ணத்தை வாங்கி வைத்தேன்.

“ராத்திரி தூங்குனாப் போதும் அம்மிணி” என்று அத்தையிடம் சொன்னாள் அம்மா. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது முனகாமல் தூங்குகிறாள். கூடத்திலிருந்து வரும் வெளிச்சத்தில், சேலை விலகிய முதுகில் அந்தக் கட்டம் ஒரு சின்ன ஜன்னல் போலிருக்கிறது. அதன் வழியே வலியில்லாத ஏதோ ஊருக்குப் போயிருக்கிறாள். அவள் விழித்துவிடக் கூடாதென்று அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.