விசைகளில் அவர் கையெழுத்து

நவம்பர் 17, ஞாயிறு

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய விசைப்பலகையை இறக்கினேன். கனம் குறையவில்லை. ஜனார்த்தனன் அடுத்த மாதம் மெல்பர்னிலிருந்து மனைவியோடு வருகிறார். அலவத்துகொடையில் என் வீட்டுக்கும் வந்து போவதாக எழுதியிருக்கிறார். இருபத்தைந்து வருடம்.

1999இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் தற்காலிக உதவி விரிவுரையாளர்கள். துறைக்கு இருந்தது ஒரே கணினி. தமிழில் வினாத்தாள் அடிப்பதற்காக அவர் சிறு தாள்துண்டுகளில் எழுத்துகளை எழுதி விசைகளில் ஒட்டினார். ஒரு பிற்பகல் முழுக்க. தாள் வெட்டிக் கொடுத்தது நான். வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை, பேசியிருந்தாலும் இரண்டு வீட்டிலும் சம்மதித்திருக்கமாட்டார்கள். துறை இதைக் கழித்துவிட்டபோது கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இதைப் பார்த்தால் அவருக்கு அந்தப் பிற்பகல் ஞாபகம் வருமா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நவம்பர் 18

பாதி விசைகள் அழுத்தினால் எழும்பவில்லை.

நவம்பர் 23, சனி

கட்டுகஸ்தோட்டையில் கணினி திருத்தும் ருஷ்தியிடம் கொண்டுபோனேன். துருப்பிடித்த மூன்று ஸ்பிரிங்குகளை மாற்றினார். இன்றைய கணினியில் பொருத்த ஓர் இணைப்புத் துண்டும் தந்தார்.

"இத தலையில போட்டா ஆள் மௌத்து மிஸ். புதுசு ஒண்டு எடுங்களே."

தாள்களைக் கழுவிவிடச் சொன்னார். பசை இறங்கித்தான் விசைகள் சிக்குகின்றனவாம். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்.

நவம்பர் 24

விசைகளைக் கழற்றி, தாள் நனையாமல், ஓரங்களை மட்டும் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். எட்டு விசைக்கு ஒரு மணித்தியாலம். அவருடைய 'ழ'வின் வால் கொஞ்சம் நீளம். இத்தனை வருடம் எதற்கு வைத்திருந்தாய் என்று யாராவது கேட்டால்? கேட்க யார் இருக்கிறார்கள்? உம்மாவும் இல்லை இப்போது.

டிசம்பர் 1, ஞாயிறு

மடத்தனம். எழுத்து அழியாமலிருக்க மேலே நகப்பூச்சு பூசலாம் என்று நினைத்தேன். ஐந்து வேளை தொழுகிறவள்; நகத்தை மூடினால் தொழுகைக்குக் கைகால் கழுவியது சேராது. வாழ்நாளில் அதை வாங்கியதில்லை. கடையில் நிற்கும் பிரேமிளா, "வீட்டுல கலியாணமா மிஸ்?" என்றாள். நிறமில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். 'ழ' மேல் ஓர் இழுப்பு— மை கரைந்து கறுப்பாகப் பரவிவிட்டது. ஒரு தடவையாவது பூசிப் பார்த்தவளுக்கு இது தெரிந்திருக்கும்.

ஒரு எழுத்துத்தானே. ஒரு எழுத்துக்குப் போய் அழுறதா, நாப்பத்தொம்பது வயசுல?

டிசம்பர் 28, சனி

வந்தார்கள். மனைவி கமலம் நல்ல மனுஷி. வட்டிலப்பம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். விசைப்பலகையை மேசையில் வைத்திருந்தேன். ஜனார்த்தனன் கண்டதும் எழுந்து அதனருகே போனார். இரண்டு விசைகளைத் தட்டினார். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"இங்க பாரு கமலம், நான் சொல்லுவேனே, அந்தக் கீபோட். இந்த எழுத்தெல்லாம் ஜஹானா ஒக்காந்து எழுதி ஒட்டினாங்க. எனக்கெல்லாம் ஏது அந்தப் பொறுமை?"

என்னைக் காட்டித்தான் சொன்னார். தேத்தண்ணீர் ஆறுகிறது என்றேன்.

டிசம்பர் 29

எல்லா விசைகளையும் சவர்க்காரம் கரைத்த சுடுதண்ணீரில் போட்டேன். தாள்கள் தாமாகவே கழன்று மிதந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஊற்றிவிட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

விசைப்பலகையைத் துறைக்குக் கொண்டுபோனேன். ஒன்றும் சிக்கவில்லை. சத்தம்தான், பக்கத்து அறை கஜலட்சுமி கதவைச் சாத்தச் சொன்னாள். மெல்பர்னிலிருந்து நன்றி சொல்லி மின்னஞ்சல். முன்பெல்லாம் அவருக்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாரமாகும். இன்று முதல் விரிவுரைக்குப் போகுமுன் அனுப்பிவிட்டேன். இரண்டு வரி.