மூன்று லீற்றர் டீசல்

ரொறன்ரோ
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா காவலில் நான் சுகம். நீங்களும் அத்தானும் சுகம்தானே?

ஒரு நல்ல செய்தி. எங்கள் ஆஸ்பத்திரி, தன் நிதியில் வைத்திருந்த எண்ணெய், நிலக்கரிக் கம்பனிப் பங்குகளை எல்லாம் விற்கப்போகிறது. தாதிமார் நாங்கள் இரண்டு வருடமாய்க் கத்தினது வீண்போகவில்லை. நோய் மாற்றுகிற இடம் புகையில் இலாபம் எடுக்கலாமோ? கடைசிக் கூட்டத்தில் அப்பாவைப் பற்றித்தான் பேசினேன். முன்பு இல்லாத வெயில் அடித்து, கடலில் மயங்கி, கரைக்கு வந்து செத்தார் என்று சொன்னேன். பங்கு விற்கிறதைப் பற்றி ஆஸ்பத்திரி வெளியிடுகிற அறிக்கையின் முதல் பக்கத்தில் அப்பாவின் படம் வரப்போகிறது. வள்ளத்தில் நிற்கிற படத்தை அனுப்புங்கோ.

அன்புத் தம்பி,
றொசான்

கொக்கிளாய்
23.02.2025

என் அன்புத் தம்பிக்கு,

கடிதம் கண்டு சந்தோசம். படம் அனுப்பவில்லை. அப்பாவை ஏனடா கூட்டத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனாய்? மாதா கோயில் சுவாமி கூப்பிட்டாலே மேடையில் ஏறாத மனிசன். வேறு யாரையாவது போடச் சொல். குளிருக்குக் காதைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போ.

அக்கா றஞ்சனி

ரொறன்ரோ
11.03.2025

அக்கா,

செத்தவீட்டுக்கு வராத மகன் என்றுதானே குத்திக்காட்டுகிறீர்கள்? என் கடவுச்சீட்டு அப்போது குடிவரவுக் கந்தோரில் கிடந்தது உங்களுக்குத் தெரியாதா? அப்பாவுக்கென்று நான் செய்தது இது ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்றால் காரணத்தைச் சொல்லுங்கோ.

றொசான்

கொக்கிளாய்
02.04.2025

தம்பி,

போனில் சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்பா வெயிலால் சாகவில்லை.

நாடு முழுக்க டீசல் இல்லாத அந்த 2022 ஆடி மாதம். நான் வேலை செய்கிற கோயில் மருந்தகத்தில் மிஞ்சியிருந்தது மூன்று லீற்றர். கரண்டும் இல்லை. நிரோஜா என்ற எட்டு மாதக் குழந்தை மூச்செடுக்க ஏலாமல் ஒக்சிசன் மெசினில் கிடந்தாள். அப்போதுதான் அப்பாவை நெஞ்சுநோவோடு தூக்கிவந்தார்கள். பெரியாஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீற்றர். வாகனத்துக்கு ஊற்றினால் மெசின் நின்றுவிடும். கடமையில் நின்றது நான் மட்டும். ஜெனரேற்றருக்கு ஊற்றினேன்.

"வாகனம் வருதோ பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா, வருகுது" என்றேன். இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஓம் என்றேன்.

இதைச் சொல்ல வாய் வராமல்தான் உனக்கு வெயில் என்றேன். நீ செய்கிற காரியம் பிழையில்லையடா. மருந்தகக் கூரையில் இப்போது சோலார் பூட்டியிருக்கிறது. அன்றைக்கு அது இருந்திருந்தால் டீசல் முழுதும் அப்பாவுக்குத்தான். ஆனால் என் பொய்யை முதல் பக்கத்தில் போடாதே.

நிரோஜா முன்பள்ளிக்குப் போகிறாள். அவளைக் கண்டால் சந்தோசமும் வருகிறது, கோபமும் வருகிறது. சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அக்கா

ரொறன்ரோ
24.04.2025

அக்கா,

கூட்டத்தாருக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். பங்குகளை விற்கிற முடிவில் மாற்றமில்லை. அப்பாவின் பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் செய்தது சரி. தாதியாய் எனக்கு அது தெரியும். ஆனால் அங்கே நான் நின்றிருந்தால் வாகனத்துக்குத்தான் ஊற்றியிருப்பேன். இப்படி நினைக்கிறவன் உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்ல? கொஞ்சக்காலம் எழுதமாட்டேன். கோபிக்காதேயுங்கோ.

றொசான்