இரண்டும் மூன்றும் ஆறென்று எழுதிய மத்தியானம்

லேக் கார்டன்ஸில் நான் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் இன்று காலை பினாயில் போட்டுத் தரையைத் துடைத்திருந்தார்கள். அந்த நெடி பட்டதும் டாக்டரைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இன்றோடு பதினேழு நாள். உனக்கு எழுத வேண்டியதை இனியும் தள்ளிப்போட முடியாது.

எழுபத்தொன்று, மழைக்காலம். போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த அகதிகளுக்காக நகரத்தின் ஓரமெல்லாம் முகாம்கள். முகாம்களில் காலரா. பி.எஸ்சி. முடித்த கையோடு நீயும் நானும் தடுப்பூசி மருந்து தயாரிக்கும் கூடத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. லேக் மார்க்கெட்டில் ஒன்றாக டிராம் ஏறுவோம். ஒரே மேஜையில் வேலை. அங்கிருந்த பினாயில் நெடி நம் தலைமுடியில் ஏறி வீடுவரை கூடவே வரும்.

தடுப்பூசி மருந்து என்றால் கொன்ற காலராக் கிருமிகள்தான்; அன்று அவற்றை எண்ணும் முறை என்னுடையது. அப்படியே எண்ண முடியாத அடர்த்தி. நூறு மடங்கு நீர்க்க வைத்து, அதில் கொஞ்சம் எடுத்து மறுபடி ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்து எண்ண வேண்டும். கிடைத்த எண்ணிக்கையை அந்த மடங்குகளால் பெருக்க வேண்டும். நூறு பத்தின் அடுக்கு இரண்டு, ஆயிரம் பத்தின் அடுக்கு மூன்று. பெருக்கல்தானே என்று இரண்டையும் மூன்றையும் பெருக்கி, பத்தின் அடுக்கு ஆறு என்று எழுதிவிட்டேன். பிரிவு அதிகாரி சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டார். வாசலில் முகாமுக்குப் போகவேண்டிய லாரி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது.

டீ வேளையில் நீ என் தாளின் நகலைப் புரட்டினாய்.

"ஏண்டி, ரெண்டும் மூணும் ஆறா?"

"பெருக்கறோமே!"

"பெருக்கறது பத்தை. பவரைக் கூட்டணும்டி. பவருக்கு மேல பவர் வந்தாத்தான் அதுங்களைப் பெருக்கறது."

தாளின் ஓரத்தில் நூறு, ஆயிரம் என்று பென்சிலால் எழுதி, பூஜ்யங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாய். "அஞ்சு. நீ ஒண்ணு கூடப் போட்டிருக்கே."

ஒரே ஒரு பூஜ்யம். இருப்பதைவிடப் பத்து மடங்கு கிருமி இருப்பதாக என் தாள் சொன்னது. அதை நம்பிக் கீழே கலவை அறையில் உப்புநீரைப் பத்து மடங்காக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லாதே" என்றேன். உன் முழங்கையைப் பிடித்திருந்தேன். "எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை. அப்பா படுத்த படுக்கை. மருந்து தண்ணியா இருந்தா யாரும் சாகப்போறதில்லையே!"

"ஊசி போட்டாச்சுன்னு நம்பி முகாம் குளத்துத் தண்ணியைக் குடிப்பாங்களே, அவங்க?" என் கையை விலக்கினாய். "நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாய். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இரண்டாவது முறை அடித்தபோது தாளை எடுத்துக்கொண்டு நடந்தாய். இரும்புப் படிகளில் உன் செருப்புச் சத்தம் இறங்கி இறங்கிப் போனதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

கலவையை நிறுத்தினார்கள். கெட்டதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தார்கள். அதிகாரி எல்லோர் முன்னாலும் அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். அவர் கையெழுத்தும் அதில் இருந்ததால் வேலையிலிருந்து துரத்தவில்லை. சோதனைக் குழாய் கழுவ அனுப்பினார். மூன்று மாதம். நீ டிராமில் எனக்கு இடம் பிடித்து வைப்பாய். நான் அடுத்த டிராமுக்கு நிற்பேன். அப்பா இறந்த அன்று முதலில் வந்தவள் நீதான். உன் தோளில் சாய்ந்து அழுதேன். அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் நாம் பேசவே இல்லை.

எண்பதுகளின் நடுவில் அதே பிரிவுக்கு நான் அதிகாரியானேன். கேன்டீனில் பாராட்டுக் கூட்டம். பேசும்போது எப்படியோ அந்தக் கதை வந்துவிட்டது. "என் தப்பை நானே கண்டுபிடித்தேன். நானே கீழே போய்ச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் இரண்டாவது வரிசையில் உன்னைப் பார்த்தேன். நீ எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாய். வெளியே வந்ததும், "குடை இருக்கா? மழை வரும்போல இருக்கு" என்றாய். அவ்வளவுதான்.

உன் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு ஜாதவ்பூர் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் மகன் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். சித்தி என்பதற்கு வங்காளிகளைப் போல மாசி என்றுதான் என்னைக் கூப்பிடுவான்.

"மாசி, அம்மா உங்களைப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்க. தன் தப்பைத் தானே போய்ச் சொன்னவங்கன்னு. சின்ன வயசுல நான் பொய் சொன்னா அந்தக் கதைதான்."

கோப்பையைக் கீழே வைத்தேன். "இல்லப்பா. கீழே போனது உங்கம்மா. சொல்லாதேன்னு கெஞ்சினவ நான்."

அவன் சுவரில் மாட்டியிருந்த உன் படத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அப்புறம் ஏன் அம்மா அப்படிச் சொன்னாங்க?" என்றான்.

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. என்னை மன்னித்ததாலா? இல்லை, நான் என்றைக்காவது அப்படி நடந்துகொள்வேன் என்று காத்திருந்தாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். இத்தனை வருஷமும் நடந்து வரும் தூரத்தில்தான் இருந்தாய்.