கொக்கி மாட்டாத கேட்

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கும் பாதி வழியில் சண்டை. கடலோரப் பாறைப் பாதையில் நானும் இவரும் ஞாயிறுதோறும் நடக்க ஆரம்பித்துப் பல வருஷமாகிறது. சண்டையும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. எல்லாம் இந்த கேட்டுகளால்தான். மேய்ச்சல் நிலத்து இரும்பு கேட் ஒவ்வொன்றையும் சாத்தி, கொக்கி மாட்டி, ஆட்டிப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகருவார். பஸ் ஓட்டிய காலத்தில் கதவு மூடாமல் வண்டியை எடுத்ததே இல்லையாம்.

"திறந்து போட்டா மாடு நேரா விளிம்புக்குப் போயிடும், தெரியுமா?"

"தெரியும். நூறு வாட்டி சொல்லிட்டீங்க."

வீட்டுக்கு வந்து எங்கள் வாசல் கேட்டையும் அப்படித்தான் ஆட்டிப் பார்ப்பார். இங்கே எந்த மாடு வருகிறது என்று கேட்டால் முறைப்பார்.

அதை எழுத உட்காரவில்லை. பாதை பிரிகிற இடத்தில் இவர் இன்று நேராகப் போனார்.

நேராகப் போகிற பழைய பாதை இப்போது கிடையாது. முந்தின வருஷத்து மழையில் பாறையோடு பெயர்ந்து கடலுக்குள் போய்விட்டது. ஒரு கேட், அதைத் தாண்டிக் கொஞ்சம் புல், ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் கால் வைக்க மண் இல்லை. எல்லோரும் வலப்பக்கம் திரும்பி, மேய்ச்சல் நிலத்தைச் சுற்றித்தான் போகிறோம். இவரும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். இன்று அந்த கேட்டில் கை வைத்துவிட்டார்.

"எங்க போறீங்க?" என்று கத்தினேன்.

"எப்பவும் போற வழிதான். ஏன் கத்துற?"

முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

மார்ச் 11

சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான், இவருடைய மறதிக்காகப் பார்த்த டாக்டர் சொன்னது உறைத்தது. "புதுசா தெரிஞ்சுக்கிட்டதுதான் முதல்ல மறக்கும். பழசு ரொம்ப நாள் நிக்கும்" என்றார். அன்றைக்குச் சாவி, பணப்பை, மருந்து என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். இவருக்கு மறந்தது சுற்றுப்பாதை. இடிந்து போன பாதை அப்படியே ஞாபகம் இருக்கிறது.

யாருடைய கோட்டோ, காலர் பொசுங்கிவிட்டது. முதலாளியம்மா அதை வாங்கி மடித்து ஓரமாக வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக அழுதிருப்பேன்.

மார்ச் 16, ஞாயிறு

நடக்கப் போனோம். முழங்கை விடாமல் பிடித்துக்கொண்டேன். "என்ன புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது மாட்டுப் பண்ணைக்காரரைப் பிடித்தேன். அந்த கேட் அவர் நிலத்தில்தான் இருக்கிறது. கம்பம் சாய்ந்து, கொக்கி வளையத்துக்கு எட்டாமல், காற்றடித்தால் தானே திறந்துகொள்கிறது. எச்சரிக்கைப் பலகையும் பறந்துவிட்டது.

"கன்னு போடுற நேரம்மா இது. முடிஞ்சதும் பண்ணிடறேன்."

"ஆள் விழுந்தப்புறம் பண்ணுவீங்களா?"

தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அதுதான் பதில். சரியான சோம்பேறி.

மார்ச் 20

மகள் போனில்.

"கதவைப் பூட்டிட்டு வேலைக்குப் போம்மா. வேற வழியில்ல."

"உங்கப்பா என்ன கோழியா, அடைச்சு வைக்க?"

"தனியாக் கிளம்பிப் போய் விழுந்தா என்ன பண்ணுவ?"

வேலையை விட்டால் இரண்டு பேரும் எதைச் சாப்பிடுவது? எதிர் வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் அடுப்பு, குளியல் எல்லாம் உண்டே.

மார்ச் 24

பூட்டிவிட்டுப் போனேன்.

திரும்பித் தெருமுனைக்கு வரும்போதே கதவு இடிபடும் சத்தம் கேட்டது. உள்ளே, கதவடியில் உட்கார்ந்திருந்தார். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன்? எதுக்கு என்னைப் பூட்டி வச்ச?"

காலையில் சாப்பிட்டதை மறக்கிற மனுஷன் இதை மறக்கவில்லை. மருந்து போடும்போது கேட்டார், சோறு போடும்போது கேட்டார். இந்த வயசுல என்னை இதையெல்லாம் பார்க்க வச்சிட்டாரே, இல்ல, நான்தானே அவரை இப்படி ஆக்கினேன்... இனி பூட்ட மாட்டேன். என்ன ஆனாலும் சரி.

என்ன ஆனாலும் சரி என்று எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

மார்ச் 27

இன்று நன்றாக இருந்தார். குழம்பில் உப்பில்லை என்றார். உண்மையிலேயே இல்லை.

ஏப்ரல் 3

இவர் தூங்கிவிட்டார். நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. எதிர்க் கடையின் போர்டு தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு ஓடினேன். வீடு திறந்து கிடந்தது. பூட்ஸ் இல்லை, கைத்தடி இல்லை. அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பியிருக்கிறார்.

வாசல் கேட் மட்டும் ஒழுங்காகக் கொக்கி மாட்டியிருந்தது.

பாறைப் பாதையில் கைக்கெட்டும் தூரம்தான் தெரிந்தது. இடப்பக்கம் கடல் சத்தம் மட்டும், எங்கேயோ கீழே. முதல் கேட் சாத்தியிருந்தது. இவர் இந்த வழியாகப் போயிருக்கிறார். இரண்டாவதும் சாத்தியிருந்தது. ஒவ்வொரு கொக்கியையும் தூக்கும்போது இன்னும் கொஞ்சம் முன்னால் போய்விட்டார், இன்னும் கொஞ்சம் முன்னால் என்றே இருந்தது. கூப்பிட்டேன். என் குரல் பனிக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது. பாதை பிரிவதற்கு முந்தின கேட்டைத் தள்ளும்போது, ஐயோ, இந்நேரம் வளைவுக்குப் போயிருப்பாரே, போயிட்டாரே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

பாதை பிரிகிற இடத்தில் டங், டங் என்று இரும்புச் சத்தம்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். முதுகுக்குப் பின்னால் வளைவு. கேட்டை இழுத்து அடிக்கிறார், கொக்கி வளையத்தில் விழவில்லை, மறுபடி இழுத்து அடிக்கிறார். கையெல்லாம் துரு. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ.

"எந்த மடையன் இதை இப்படிக் கெடுத்து வச்சான்? மாட்டவே மாட்டேங்குது. இப்படியே விட்டுட்டு எப்படிப் போறது?"

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. மிரண்டு ஒரு அடி பின்னால் வைத்துவிட்டால்? மூச்சை அடக்கிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னேன்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து மாட்டாது. இந்தப் பக்கம் வந்து இழுங்க."

யோசித்தார். வந்தார். என் கழுத்துத் துணியால் கேட்டைக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டினேன். ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் என் கையைப் பிடிக்க விட்டார்.

திரும்பி வரும்போது நான் திறந்து போட்டுவிட்டு ஓடிய கேட்டுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். "யாரு இப்படி வரிசையா திறந்து போட்டது? அறிவுகெட்ட ஜென்மம்!"

"யாரோ" என்றேன்.

ஏப்ரல் 5

பண்ணைக்காரர் சலவைக் கடைக்கே வந்தார். பழைய பாதைக்குக் குறுக்கே முள்கம்பி போட்டுவிட்டாராம். "முன்னாடியே பண்ணியிருக்கணும்மா" என்று தொப்பியைக் கசக்கினார். என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. அந்தக் கொக்கியை மட்டும் அவர் சரிசெய்து வைத்திருந்தால், இவர் ஒரே நிமிஷத்தில் மாட்டிவிட்டு வளைவுக்கு நடந்திருப்பார். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மீதி வேலியையும் சாயவிட்டுவிடுவார்.

ஏப்ரல் 6

"இப்பவாவது பூட்டுவியாம்மா?" என்றாள் மகள்.

பூட்ட மாட்டேன் என்றேன். அழுதாள். நானும் அழுதேன். இவர் வந்து, யார் செத்துப்போனது என்று கேட்டார்.

ஏப்ரல் 19

பத்தரைக்கு எதிர் வீட்டு அக்காவின் போன். "உன் வீட்டுக்காரர் வாசல்ல நிக்கிறாரு. வந்துடு."

கடையிலிருந்து வீடு இரண்டு தெரு. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. ஓடவில்லை, நடந்தே போனேன். தெருமுனையிலேயே டங், டங் சத்தம் கேட்டது. பூட்ஸ் போட்டு, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் வாசல் கேட்டை இழுத்து இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இதைப் பாரு. கொக்கியவே எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். இப்படியே விட்டுட்டு எப்படிப் போறது?"

"நாளைக்கு ஆள் கூப்பிட்டுச் சரி பண்ணிடலாம். இப்போ கயிறு போட்டுக் கட்டிடறேன். வாங்க, ஒரு நடை நடந்துட்டு வரலாம்."

"நாளைக்கு மறந்துடாத."

"மறக்க மாட்டேன்."

கடல் பக்கம் போகவில்லை. வயல் பக்கமாக நடந்தோம். ஆட்டிப் பார்க்க அங்கேயும் நிறைய கேட் இருக்கிறது. எங்கள் வாசல் கேட்டின் கொக்கியும் அதன் இரண்டு ஸ்குரூவும் என் கைப்பையில் இருக்கின்றன.